புதிது என்று விற்கப்பட்ட ஒட்டுப் போட்ட ஃப்ளோட் ட்யூப்: பணம் கொடுக்கும் முன் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

சியாட்டிலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கும் நண்பர்கள் சிலர், ஃப்ளோட் ட்யூப் ஒன்றை வாங்கி ஏரியில் ட்ரௌட் மீன் பிடிக்கத் தொடங்கலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, கடந்த மே மாதம் எனக்கு நேர்ந்ததை ஒருமுறை முழுவதுமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, அடுத்த கடையில் நான் செய்த அதே தவற்றை நீங்களும் செய்வீர்கள்.

ஃப்ளோட் ட்யூபைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். கிராமத்துக் கிணற்றில் லாரி ட்யூபைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஏனென்றால் இதன் பழைய வடிவமே லாரி ட்யூபின் நடுவில் துணியால் இருக்கை தைத்ததுதான். இப்போது வருபவை பெரும்பாலும் முன்பக்கம் திறந்திருக்கும் 'யூ' அல்லது 'வி' வடிவத்தில் இருக்கின்றன. தடித்த துணியாலான உறைக்குள் காற்றுப்பைகள் இருக்கும். உறைக்கு ஜிப் உண்டு. மார்பு வரை வரும், நீர் புகாத வேடர்ஸ் என்ற உடையை அணிந்து, காலில் துடுப்புபோன்ற ஃபின் மாட்டி, நாற்காலியில் அமர்வதுபோல அமர்ந்து, காலை உதைத்துப் பின்னோக்கி நகர வேண்டும். துடுப்புக்குக் கை தேவைப்படாததால் இரண்டு கைகளும் தூண்டிலுக்கே மிஞ்சுகின்றன என்பதுதான் இதன் முழு வசதி. காரின் டிக்கியில் அடங்கிவிடும், இழுத்துச் செல்ல டிரெய்லர் வேண்டாம், படகின் விலையில் சிறு பகுதிதான். இந்த மூன்றும்தான் என்னையும் இழுத்தன.

நான் போன கடையில் 'தொடக்கநிலையாளர் தொகுப்பு' என்று எழுதி, ட்யூப், ஃபின், பம்ப், சில தூண்டில் பொருட்கள் எல்லாவற்றையும் சேர்த்து 379 டாலருக்கு வைத்திருந்தார்கள். வரியுடன் ஏறக்குறைய 417 ஆனது. விற்பனையாளர் மிகவும் இனிமையாகப் பேசினார். எந்த ஏரிக்குப் போகப் போகிறேன் என்று அவரே கேட்டார். நார்த் பெண்ட் பக்கத்திலுள்ள ராட்டில்ஸ்னேக் ஏரி என்றேன். நல்ல தேர்வு என்று பாராட்டிவிட்டு, தொகுப்பில் வாசனையூட்டிய செயற்கை இரை ஒரு புட்டியையும் மூன்று முனை கொக்கி பொருத்திய ஸ்பின்னர்கள் (நீரில் இழுத்தால் சுழலும் தகடு கொண்ட தூண்டில்கள்) இரண்டையும் வைத்தார். அந்த ஏரியில் தெரிவுநிலைத் தூண்டில் விதிகள் நடப்பில் உள்ளன என்பதும், அதன்படி இரைக்கு அனுமதி இல்லை, முள் இல்லாத ஒற்றை முனைக் கொக்கி கொண்ட, வாசனை சேர்க்காத செயற்கை ஈயோ (பூச்சிபோலத் தோன்ற இறகும் நூலும் கட்டியது), உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த லூரோதான் பயன்படுத்த வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மாநில மீன்வளத் துறையின் விதிகளை வீட்டுக்கு வந்து நானே படித்த பிறகுதான், அவர் சொன்னபடி போயிருந்தால் அபராதம் கட்டியிருப்பேன் என்பது புரிந்தது. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஃபின் என் பூட்ஸுக்குத் தளர்வாக இருந்தது. பட்டையை இறுக்கினால் போதும் என்றார். உயிர்காப்பு மேலங்கி தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டேன். நீங்கள் உட்காருவதே மிதவைதானே, அதற்கு மேல் எதற்கு என்று சிரித்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டுமே அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. மற்றவை பணத்தோடு போயின. நல்லவேளையாக, என்னை இந்தப் பழக்கத்துக்குள் இழுத்துவிட்ட அலுவலக நண்பர், திருநெல்வேலிக்காரர், நான் அண்ணன் என்று அழைப்பவர், மேலங்கி இல்லாமல் தன்னோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கறாராகச் சொல்லித் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்தார்.

ராட்டில்ஸ்னேக் ஏரிக்கு ஒரு வரலாறு உண்டு. சீடர் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையின் நீர் நிலத்தடியில் கசிந்து, 1915-இல் மாங்க்டன் என்ற சிற்றூரை மூழ்கடித்துவிட்டது. அங்கு முன்பே வெட்டப்பட்ட பெருமரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. நீர் குறையும் காலத்தில் அவை வெளியே தெரியும். மே மாதத்தில் பல கட்டைகள் நீருக்குள்ளேயே இருக்கும். பின்னோக்கியே நகரும் ஒருவனுக்கு முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதால், அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டைகளைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

காலை எட்டு மணிக்குக் கரையில் வைத்துக் காற்றடித்து, ஃபின்னை மாட்டிக்கொண்டு, அண்ணன் சொல்லித்தந்தபடி பின்னோக்கி நடந்தே தண்ணீருக்குள் இறங்கினேன். (ஃபின்னோடு முன்னோக்கி நடக்க முயன்றால் முகங்குப்புற விழ வேண்டியதுதான்.) கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிய வூலி பக்கர் என்ற கறுப்பு ஈ ஒன்றைக் கட்டி, நூலை நீளமாக விட்டு, மெல்ல உதைத்தபடி போனால் அது பின்தொடர்ந்து வரும், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட எளிய முறை இல்லை. முதல் அரை மணி நேரம் பேரின்பம். மீன் ஒன்றும் கடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

நாற்பதாவது நிமிடம் வாக்கில், மடிமேல் விரித்திருந்த பலகைத் துணியில் வைத்த ஈப்பெட்டி இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. எடுத்து நடுவில் வைத்தேன். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை வழுக்கியபோதுதான் என் இடது முழங்கை நனைந்திருப்பதைக் கவனித்தேன். வலப்பக்கக் காற்றுப்பை கல்லைப்போல் இருக்க, இடப்பக்கத்தை விரலால் அழுத்தினால் கனிந்த மாம்பழம்போல் உள்வாங்கியது. கரை நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் இருந்தது, காற்றும் அங்கிருந்துதான் என்னை நோக்கி வீசியது. பதற்றத்தில் வேகமாக உதைத்தேன். தளர்வாக இருந்த இடது ஃபின் கழன்று போனது. அதைக் காலோடு பிணைக்கும் கயிறு தொகுப்பில் இல்லை. ஒற்றைக் காலால் உதைத்தால் செக்குமாடுபோல ஒரே இடத்தில் சுற்றத்தான் முடியும் என்பதை அன்று கற்றேன். பக்கத்தில் நீருக்கு மேல் ஒரு சாண் உயரம் நீட்டிக்கொண்டிருந்த அடிக்கட்டை ஒன்றை எப்படியோ எட்டிப் பிடித்துக்கொண்டேன். 1915-க்கு முந்திய யாரோ வெட்டிய மரம். "தம்பி, காலை உதைக்காதீங்க, கட்டையை விட்டுடாதீங்க" என்று கத்தியபடியே அண்ணன் வந்து, தன் ட்யூபின் பின்புறப் பட்டையை என் கையில் கொடுத்து, மூச்சு வாங்க வாங்க இழுத்துக் கரை சேர்த்தார்.

அன்று நீரின் வெப்பநிலை 52 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ். இத்தகைய நீரைப் பற்றிக் குளிர்நீர்ப் பாதுகாப்புப் பயிற்சிகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: விழுந்தவுடன் திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், அதன் பின் கைகால்கள் சொன்னபடி கேட்டுக்கொண்டிருப்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தையும் அடுத்த பத்து நிமிடங்களையும் கடப்பதற்கு மேலங்கியைத் தவிர வேறு துணை இல்லை. காற்றிழந்துகொண்டிருக்கும் ட்யூபை மிதவை என்று சொன்ன விற்பனையாளரை நான் நினைத்துக்கொண்டது அப்போதுதான்.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார்: வெயிலில் அடித்த காற்று குளிர்ந்த நீரில் சுருங்கும், புதியவர்கள் இதை ஓட்டை என்று தவறாக நினைப்பார்கள், சிறிது நேரம் கழித்து மீண்டும் காற்றடித்துக்கொள்ள வேண்டும் என்றார். இந்த விளக்கம் உண்மை என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. காற்று சுருங்கத்தான் செய்யும். எந்த ட்யூபையும் தண்ணீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு மேலும் கொஞ்சம் காற்றடிப்பது வழக்கம்தான். நானும் ஒரு நாள் முழுக்க அதை நம்பினேன். குளிர்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அல்லவா தளர்ந்திருக்க வேண்டும் என்று மறுநாள் என் மனைவிதான் கேட்டாள்.

அதன் பிறகுதான் இடப்பக்க உறையின் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே காய்ந்த ஊசியிலைகள் நான்கைந்தும் ஒரு கைப்பிடி மெல்லிய மணலும் இருந்தன. நான் அதைத் தண்ணீரில் இறக்கியது ஒரே ஒரு முறை, ஜிப்பைத் திறந்தது அதுவே முதல் முறை. காற்றுப்பையை வெளியே இழுத்துப் பார்த்தால், தையல் ஓரத்தில் விரல் நீளத்தில் சதுரமாக ஓர் ஒட்டு, அதற்கு ஒரு சாண் தள்ளி வட்டமாக இன்னோர் ஒட்டு. பசை மஞ்சளித்துப் போயிருந்தது. அதன் விளிம்பில் மணல் துகள்கள் சிக்கி இறுகியிருந்தன. வாங்கிப் பன்னிரண்டு நாட்களே ஆன பொருளில் பசை இவ்வளவு மஞ்சளிக்க வழியில்லை. பையில் காற்றடித்து, பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கலந்து பஞ்சால் தடவினேன். சதுர ஒட்டின் ஒரு மூலையில் கடுகளவுக் குமிழிகள் வரிசையாக, பொறுமையாக வந்துகொண்டே இருந்தன. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ட்யூபையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இனிமை எல்லாம் போயிருந்தது. நான் அளவுக்கு மீறிக் காற்றடித்திருப்பேன் என்றார். ஒட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டதும், ரசீதைக் காட்டச் சொன்னார். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 'ஓ.பி.' என்று இரண்டு எழுத்துகள் அச்சாகியிருந்தன. அதற்கு 'ஓப்பன் பாக்ஸ்', அதாவது ஏற்கெனவே பிரித்த பெட்டி என்று பொருளாம். அப்படி விற்றவற்றைத் திரும்பப் பெறுவதில்லையாம். நம்மூரில் ஓ.பி. அடிப்பதற்கு வேறு பொருள் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. அலமாரியில் இருந்த அட்டையில் 'புதியது' என்றுதான் இருந்தது. ட்யூபை வாங்கிய அன்றே, வீட்டில் காட்டுவதற்காகத் தற்செயலாக அந்த அட்டையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

கடன் அட்டையில் பணம் கட்டியிருந்ததால் வங்கியிடம் முறையிட்டேன். 1974-ஆம் ஆண்டின் நியாயமான கடன் கணக்குச் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்டபடி தரப்படாத பொருளுக்கான தொகையை, அது இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுக்கலாம். அலமாரி அட்டை, ரசீது, ஒட்டுகள், சோப்புக் குமிழி ஆகிய நான்கு படங்களை இணைத்தேன். ஏழு வாரங்கள் கழித்துப் பணம் முழுவதும் திரும்ப வந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்றும் அலைந்துகொண்டிருப்பேன்.

இப்போது என்னிடம் வேறொரு ட்யூப் இருக்கிறது. அதைக் கடையிலேயே ஜிப்பைத் திறந்து, இருபுறக் காற்றுப்பைகளையும் முதுகுச் சாய்மானத்தின் பையையும் வெளியே எடுத்து, தையல்களையும் வால்வைச் சுற்றிய இடத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே வாங்கினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் வெளியே வந்திருப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத அறையில் காற்றடித்து ஓர் இரவு முழுக்க வைத்து, காலையில் இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். தாங்கும் எடை எவ்வளவு என்று உறையில் தைத்திருக்கும் அட்டையில் பார்த்து, அதோடு வேடர்ஸ், பூட்ஸ், பைகள் எல்லாவற்றையும் சேர்த்து என் எடையை ஒப்பிட்டேன். ஃபின் வாங்கப் போனபோது ஏரியில் அணியும் அதே பூட்ஸை அணிந்துகொண்டே போனேன். கழன்றாலும் தொலையாதபடி பிணைக்கும் கயிறு தனியாகச் சில டாலர்தான். வேடர்ஸின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுகிறேன். விழுந்தால் உள்ளே நீர் நிறையும் வேகத்தை அது குறைக்கும். முதலில் காற்றை எதிர்த்து உதைத்துப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றின் போக்கில் கரைக்குத் திரும்பும்படி இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். அண்ணன் சொன்ன மேலங்கி விஷயத்தில் எந்தச் சமரசமும் இல்லை.

வங்கி பணத்தைத் திருப்பித் தந்ததும் பழைய ட்யூபைக் கடை திரும்பக் கேட்டது. சட்டப்படி அது அவர்களுடையது, எனவே கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முந்தின இரவு, இடப்பக்கக் காற்றுப்பையிலுள்ள இரண்டு ஒட்டுகளையும் சுற்றி அழியாத நீல மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதி, பையை மடித்து உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். சாம்பல் பச்சை நிற உறை, 'வி' வடிவம், வலப்பக்கப் பாக்கெட்டின் ஜிப் இழுவை உடைந்து அங்கே ஒரு கறுப்பு நாடா கட்டியிருக்கும். புதியது என்று சொல்லி யாராவது அதை உங்களிடம் காட்டினால், இடப்பக்க ஜிப்பைத் திறந்து பாருங்கள்.