"தவணையில் மாற்றமில்லை": பெரிய வீட்டுக் கடனோடு நாலு வருஷம்

போன வாரம் சித்தி பெண் போன் பண்ணினாள். குரோம்பேட்டையில் 2 பெட்ரூமில் இருக்கிறார்கள். ரெண்டாவது குழந்தையும் வந்தாச்சு, இடம் போதவில்லை, 3 பெட்ரூம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். "அக்கா, வட்டி நல்லா இறங்கியிருக்கே, இப்ப எடுத்துடலாமா? நீங்க எடுத்தீங்களே, எப்படிப் போகுது?" என்று கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. சொல்லாமல் விட்டதுதான் முக்கியமான பாதி, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கதை சுருக்கமாக. நங்கநல்லூரில் 640 சதுர அடி. 2021 கடைசியில் அதை விற்று, பழைய கடனை அடைத்தது போகக் கையில் 25 லட்சம் நின்றது. மேடவாக்கத்தில் 1,240 சதுர அடி, ஆறு வருஷப் பழைய ஃப்ளாட், 68 லட்சம். 50 லட்சம் கடன், 20 வருஷம், 6.75 சதவீதம், மாதம் 38,018. இந்த அளவுக் கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதம் வரைதான் பேங்க் தரும், அதிலும் பதிவுச் செலவு சேராது. அன்றைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். பத்திரத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் போனது. கையில் இருந்த 25 லட்சம் முன்பணத்திலும் பத்திரத்திலும் கரைந்துவிட்டது. பெயின்ட் அடிக்கவும் சாமான் ஏற்றவும் என் வளையல்கள் அடகுக்குப் போயின.

வீட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். நங்கநல்லூரில் மாமா, அதாவது என் மாமனார், ஹாலில் மடக்குக் கட்டிலில் படுப்பார். நாங்கள் டிவியை அணைக்கும்வரை தூங்க மாட்டார், அணைக்கச் சொல்லவும் மாட்டார். காலையில் பால் வருவதற்கு முன்னால் எழுந்து, அந்த இரும்புக் கால்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். கிறீச் என்று ஒரு சத்தம் வரும். எழுபது வயசுக்காரர் தினமும் தன் படுக்கையைத் தானே காலி பண்ணிக்கொள்வதை எட்டு வருஷம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். இங்கே அவருக்குத் தனி அறை. வந்த நாளிலிருந்து அந்தக் கட்டிலை யாரும் மடக்கவில்லை. மத்தியானம் ஜன்னலோரம் கால் நீட்டிப் பேப்பர் படிப்பார். மாசச் செலவு நோட்டில் மெயின்டனன்ஸ் 4,340, கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனி என்று எழுதும்போதெல்லாம் எரிச்சல் வரும். அந்த அறையை எட்டிப் பார்த்தால் அடங்கிவிடும்.

அடங்காத எரிச்சல் கடன் மேல்தான்.

2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது பேங்குகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை, ஏற்ற ஆரம்பித்தது. 4 சதவீதத்தில் இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.50. எங்கள் கடன் வட்டி ரெப்போவோடு இணைத்தது, ரெப்போவுக்கு மேல் 2.75. மூன்று மாசத்துக்கு ஒரு முறை வட்டியை மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் எஸ்.எம்.எஸ். வரும்: புது வட்டி இவ்வளவு, உங்கள் மாதத் தவணையில் மாற்றமில்லை. 7.65, 8.65, 9.00, 9.25. நாலு தடவையும் அந்தக் கடைசி வரியைப் படித்து நிம்மதியாகப் போனைக் கீழே வைத்தேன். ஆபீஸில் ஒருத்தருக்குத் தவணை ஆறாயிரம் ஏறிவிட்டது என்றபோது, நல்லவேளை நம்ம பேங்க் அப்படிப் பண்ணவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

2023 ஜூனில் வருமான வரிக்கு வட்டிச் சான்றிதழ் எடுத்தோம். வருஷம் முழுக்கக் கட்டியது 4,56,216. அதில் அசல் 61,322தான். 80சி வரிச் சலுகையில் அசலைக் காட்ட ஒரு லட்சத்துக்கு மேல் வரும் என்று நினைத்திருந்தேன். சந்தேகம் வந்து மாச வாரியாக ஸ்டேட்மென்டை இறக்கினேன். 2022 ஏப்ரலில் 38,018 கட்டியதில் அசலுக்குப் போனது 10,061. 2023 ஏப்ரலில் அதே 38,018, வட்டி 37,839, அசல் 179.

நூற்று எழுபத்தொன்பது ரூபாய். பக்கத்தில் பூஜ்யம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

இப்படியே கட்டினால் எப்போது முடியும் என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 698 மாதம். 2081 மே. என் பெண்ணுக்கு அப்போது 68 வயசு நடக்கும். தவணை மாறவில்லை என்பது உண்மை, ஒரு ரூபாய் மாறவில்லை. ஆனால் ஏறிய வட்டி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? 2041 டிசம்பரில் முடிய வேண்டிய கடனின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது. அதை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸிலும் சொல்லவில்லை.

பிராஞ்சுக்குப் போனேன். "தவணை ஏறலையே மேடம், அப்புறம் என்ன?" என்றார் அங்கிருந்தவர். கோபமாக வந்தது. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தவணை ஏறினால் சண்டைக்கு வருகிறவர்கள்தான் அவரிடம் தினமும் வருகிறார்கள், தவணையை ஏற்றச் சொல்லி வந்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. எழுதிக் கொடுத்து, ரெண்டு தடவை அலைந்து, 2041லேயே முடியும்படி மாற்றி வாங்கினேன். ஜூலையிலிருந்து தவணை 46,243. மாசம் 8,225 கூடுதல். நகைக்கடைச் சீட்டை நிறுத்தினோம். அடகில் இருந்த வளையல்களை மீட்பது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. முதல் மாசம் அசலுக்கு 8,408 போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அதே வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, ரெண்டையும் கலந்தா என்று கடன் வாங்கியவரிடம் பேங்க் கேட்க வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒரு முறை, இதுவரை அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று கணக்குக் கொடுக்க வேண்டும். இப்போது அந்தக் கணக்கு எனக்கு வருகிறது. மற்ற எண்களை விட்டுவிட்டு "மீதித் தவணை" என்ற வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

நியாயமாகச் சொன்னால், இறங்கும்போதும் இந்தக் கடன் சரியாக இறங்கியது. 2025இல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நாலு முறை ரெப்போ குறைந்து 5.25க்கு வந்தது. எங்கள் வட்டி இப்போது 8. தவணையைக் குறைக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 2026 ஜனவரியில் 46,243இல் அசல் மட்டும் 15,584. கடன் முடியும் மாதம் 2039 ஆகஸ்டுக்கு வந்துவிட்டது. முன்கூட்டி ஒரு பைசா கட்டவில்லை, அதற்கு எங்களிடம் பணமும் இல்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால் போனஸ் வரும்போது கட்ட வேண்டும் என்று இருக்கிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரெப்போவுக்கு மேல் வைக்கும் விகிதம் எங்களுடைய 2.75ஐ விடக் குறைவு. நாலு வருஷம் ஒரு நாள் தவறாமல் கட்டியவர்களுக்கு அதைத் தர, கட்டணம் கட்டி விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். வேறு பேங்குக்கு மாற்றலாம் என்றால் புதிதாக அடமானப் பதிவு, வக்கீல் கருத்து, மறுபடி மூலப் பத்திரத்தோடு அலைச்சல். மார்ச்சுக்குள் முடிவு பண்ண வேண்டும்.

சித்தி பெண்ணிடம், வீடு வாங்கியதில் ஒரு நாளும் வருத்தமில்லை என்றேன். அடுத்த நிமிஷமே, இந்தக் கடனை மறுபடி எடுப்பீங்களா என்றாள். மாட்டேன் என்று வாயில் வந்துவிட்டது. முரண்தான், தெரிகிறது. அந்த 179ஐப் பார்த்தவள் நான், வேறு பதில் எனக்கு வரவில்லை. எங்களுக்கு 60 லட்சம் வரை சம்பளத்தில் தாங்கும் என்று பேங்க் சொன்னபோது 50இல் நிறுத்தினோம். 60 எடுத்திருந்தால் 2023ஐத் தாண்டியிருக்க மாட்டோம்.

அவளுக்கு 70 லட்சம் வரை கிடைக்கும் என்றிருக்கிறார்களாம். 7.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு மாசம் 56,392. சமாளிச்சுடுவோம் அக்கா என்றாள். எங்களுக்கு ஏறின மாதிரி ரெண்டரை ஏறி 10 சதவீதம் ஆனால் எவ்வளவு என்று அப்போதே போட்டுச் சொன்னேன். 67,552.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் குழந்தை அழுதது. "அவர்கிட்ட இந்த நம்பரைச் சொல்லிட்டு நாளைக்குப் பேசறேன் அக்கா" என்றாள். இன்னும் போன் வரவில்லை.