துரத்தலா, கூட்டுத் தொடக்கமா: டூர் டி ஸ்கியின் கடைசி ஏற்றம்

டூர் டி ஸ்கி, பனியில் நெடுந்தூரம் சறுக்கி ஓடும் 'கிராஸ்-கன்ட்ரி' பனிச்சறுக்குப் பந்தயத் தொடர். இதில் பல நாள் பந்தயங்களின் நேரத்தையும் கூட்டி, முன்னணியில் வருபவர்களுக்குப் பரிசாகத் தரும் போனஸ் விநாடிகளைக் கழித்து, மொத்தம் யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம். 2006-07 பருவத்தில் தொடங்கிய இந்தத் தொடர், வழக்கமாக இத்தாலியின் ஆல்ப் செர்மிஸ் மலையில் முடிகிறது. சரிவு சில இடங்களில் 28 சதவீதம். அங்கே பனிச்சறுக்குப் பலகை வழுக்கிப் போவதில்லை. வீரர்கள் பலகைகளை வி வடிவில் விரித்து, கோலை ஊன்றி ஊன்றி, கிட்டத்தட்ட நடக்கிறார்கள்.

முதலில் இருந்தது துரத்தல் முறை. மொத்தக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் முதலில் கிளம்புவார். 20 விநாடி பின்தங்கியவர் 20 விநாடி கழித்துக் கிளம்புவார். உச்சியை முதலில் தொடுபவரே சாம்பியன், அவ்வளவுதான். 2014-இல் தெரேசே யோஹாக் பின்னால் கிளம்பி, சக நார்வே வீராங்கனை ஆஸ்ட்ரிட் யாகொப்சனை முந்திப் பட்டம் வென்றது இப்படித்தான். பார்ப்பவருக்குக் கணக்கே தேவையில்லை.

2020-இலிருந்து கூட்டுத் தொடக்கம். எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். முதலில் ஏறியவருக்கு அன்றைய வெற்றி. மொத்த நேரம் குறைவாக இருந்தால், பட்டம் நாலாவதாக வருபவருக்கும் போகலாம். மொத்தக் கணக்கில் பின்தங்கினாலும் ஏற்றத்தில் வல்லவர்களுக்கும் ஒரு வெற்றி வாய்ப்பு கிடைக்கிறது, அது நல்லதுதான். முன்னிலையாளரும் போட்டியாளரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஏறலாம்.

ஆனாலும் என் ஓட்டு துரத்தலுக்கே. முன்னால் போகிறவரின் முதுகு ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவதைப் பார்க்கும்போது நமக்கே மூச்சு வாங்கும்.