மோட்டார்ஹோம் கூரையும் பினாங்கு வெயிலும்: எது நிற்கிறது, எது நிற்பதில்லை

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிக்கு, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் சூரியன் தலைக்கு நேர்மேலே வருகிறது. பக்கச்சுவர்கள் எப்படியோ தப்பித்துவிடும். அடி வாங்குவது கூரைதான். ஃபைபர்கிளாஸின் மேல் இருக்கும் ஜெல்கோட் என்னும் பளபளப்பான வெளிப்பூச்சு சுமார் அரை மில்லிமீட்டர் கனம். புற ஊதாக் கதிர் அதிலுள்ள பாலியெஸ்டர் பிசினை உடைக்க, பிடிமானம் இழந்த வெள்ளை நிறமி மாவாக உதிர்கிறது. கறுப்புத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். துணியில் சுண்ணாம்பு போல மாவு ஒட்டினால் கூரை உதிரத் தொடங்கிவிட்டது.

இந்த மாவை முழுசாக எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண். பூச்சு மாவைப் பிடித்துக்கொள்ளும், மாவு மழையோடு போகும், பூச்சும் கூடவே போகும். எந்த பிராண்ட் என்பதைவிட இதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முதலில் கார் ஷாம்பு, மென்மையான பிரஷ். பூஞ்சைக் கறுப்பு இருந்தால் வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு; ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல், காயும் முன்பே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு காம்பவுண்ட், அதாவது தேய்த்து மெருகேற்றும் பசை. உதிர்வு மோசமாக இருந்தால் மட்டும் அதற்கு முன் 1000, பிறகு 1500 நம்பர் உப்புத்தாளால் ஈரத்தேய்ப்பு. கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி பஃபிங் மெஷினை நிமிடத்துக்கு 1000–1500 சுற்றில் வைத்து, இரண்டடிக்கு இரண்டடியாக நகருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி ஜெல்கோட் கருகும். விளிம்புகளில் ஜெல்கோட் மெலிசு, அங்கே கையால் தேய்ப்பதே நல்லது. கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, மறுபடி கறுப்புத் துணி சோதனை. மாவு வந்தால் திரும்பக் காம்பவுண்ட், வேறு வழியில்லை.

பூச்சுக்கு வருவோம். கார்னாபா மெழுகு (ஒரு பனை வகை இலையிலிருந்து எடுப்பது) பக்கச்சுவருக்கு அழகு, நம் ஊர்க் கூரையில் சில வாரங்களிலேயே தண்ணீர் முத்து முத்தாக உருள்வது நின்றுவிடும். தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷை நிறைய பேர் சிபாரிசு செய்கிறார்கள். முதலில் கண்ணாடி போல மின்னும், பிறகு மஞ்சளித்துத் தோல் தோலாக உரியும், சுரண்டி எடுப்பது பெரிய தண்டனை. தயவுசெய்து வேண்டாம். செராமிக் கோட்டிங் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும், ஆனால் விலை அதிகம், அடித்தளம் சுத்தமாக இல்லையென்றால் அந்தப் பணமும் போச்சு. எங்கள் தேர்வு பாலிமர் சீலண்ட், அதாவது மெழுகுக்குப் பதிலான செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு: மெலிதாக இரண்டு கோட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலக் கூரைக்கு ஏறக்குறைய 13 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்குக் கால் லிட்டர் போதும்.

நேரம் முக்கியம். இங்கே உச்சிப் பொழுதே மதியம் ஒன்றேகால் வாக்கில்தான். அதனால் காலையில் கூரை சூடேறக் கொஞ்சம் நேரமாகும். பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி, பூச்சு வேலையைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். சூடான கூரையில் சீலண்ட் திட்டுத் திட்டாகக் காயும். ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் மழை குறைவு. பெரிய வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். அக்டோபரில் தொடவே வேண்டாம். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆகவே அங்கே கொட்டகைக்குள் நிறுத்திச் செய்வதே பாதுகாப்பு.

காற்றுத் துவாரம், ஏர்கான், சோலார் தாங்கி ஆகியவற்றைச் சுற்றி நீர் இறங்காமல் அடைத்திருக்கும் பசையை ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வெயிலில் அது விறைத்து, மயிரிழை வெடிப்பு விடும். தண்ணீர் இறங்குவது அங்கேதான். வெடித்ததைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, வெயில் தாங்கும் வகைப் பாலியூரித்தேன் பசை போடுங்கள். குளியலறை சிலிக்கான் கூடாது; அதன் எச்சத்தின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது.

நீலத் தார்ப்பாய் போட்டு மூடுவதும் சரிவராது. கடற்காற்றில் அடித்து அடித்து ஜெல்கோட்டை உரசும், அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். முடிந்தால் ஸிங்கு கொட்டகை, நான்கு பக்கமும் காற்றோட்டத்துடன்.

இத்தனையும் செய்த பிறகும் கண்ணாடி நாரின் பின்னல் வெளியே தெரிகிறதென்றால் அங்கே ஜெல்கோட் தீர்ந்துவிட்டது. பாலிஷ் போட்டுப் பயனில்லை. தேய்த்து, ப்ரைமர் அடித்து, இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். வெள்ளை நிறமே எடுங்கள், சூடு குறையும்.