கனடாவா, ஜெர்மனியா, சிங்கப்பூரா: அல்சூர் வீட்டில் போட்ட கணக்கு

சிங்கப்பூர் வேலைக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதம் போன வாரம் வந்துவிட்டது. எந்த நாட்டுக்குக் குடிபோவது என்று மூன்று வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் மனைவியும் பேசிப் பேசி ஓய்ந்த பேச்சு இதோடு முடிகிறது. இதே குழப்பத்தில் இருப்பவர்கள் பெங்களூரில் எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்பதால் எங்கள் கணக்கை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் சிங்கப்பூர் பக்கம் சாய்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த ஊரைப் பற்றி எந்த அளவுக்கு என்னால் பேச முடியும் என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் 2016 முதல் 2018 வரை வேலை பார்த்தேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் ப்ராஜெக்ட் விஷயமாக நான்கு மாதம் இருந்தேன், அதுவும் குளிர்காலத்தில். கனடாவில் வாழ்ந்ததே இல்லை. டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு கோடையில் மூன்று வாரம் தங்கினேன், அவ்வளவுதான். அதனால் கனடாவைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே படியுங்கள்.

அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் ஏன் விட்டோம் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் நம் ஆட்களின் வரிசை வருடக்கணக்கில் நீளுகிறது. எனக்கு வயது 38, காத்திருக்கத் தெம்பில்லை. ஆஸ்திரேலியாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க, பிள்ளைகளில் பாதிப் பேராவது, அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அதிகம் பேராவது, அங்கே குடியேறியிருக்க வேண்டும். பணம் கட்டும் வகை விசாவுக்கு ஆளுக்கு 45,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். அதற்கும் பல வருடக் காத்திருப்பு.

சம்பளம், வரி பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். சிங்கப்பூரில் வருமான வரி உச்சவரம்பே 24 சதவீதம். ஜெர்மனியில் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் சேர்ந்தால் எனக்கு வந்த சம்பளக் கணக்கில் நாற்பது சதவீதத்தை ஒட்டிப் போகும். ஆனால் சிங்கப்பூரில் வாடகை அந்த மிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். கார் வாங்கும் எண்ணமே வேண்டாம். பத்து வருடம் ஓட்டுவதற்கான உரிமச் சான்றிதழ் மட்டுமே சமீப வருடங்களில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தொட்டிருக்கிறது. மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகை மூன்று ஊரிலும் எங்கள் கணக்குப்படி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஜெர்மனி எனக்கு மிகவும் பிடித்த ஊர். அதை மறைக்க மாட்டேன். ஐந்து நாள் வேலை வாரத்துக்குச் சட்டப்படியே வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு. எங்கள் டீமில் எல்லோருக்கும் 30. விடுப்பில் இருப்பவரை போனில் கூப்பிட யாருக்கும் தோன்றக்கூடத் தோன்றாது. புளூ கார்டில், அதாவது படித்த திறன்பணியாளர்களுக்கான அனுமதியில், போனால் 27 மாதத்தில் நிரந்தர உரிமம், பி1 என்ற நடுத்தர அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்திலேயே. அதற்காக இந்திரா நகர் மாக்ஸ் முல்லர் பவனில் அதற்கு முந்தைய படியான ஏ2 வரை படித்தும் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. சொல்லப்போனால், ஞாயிறு மதியம் அந்த ஊரில் இருக்கும் அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கனடாவின் பெரிய பலம், உள்ளே போகும்போதே நிரந்தரவாசியாகப் போகலாம். வேலை போனாலும் நாட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் ஏராளம். ஈழத்திலிருந்து போனவர்கள் கட்டியெழுப்பிய உலகம் அது. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக 2016-ல் கனடா நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. எங்களுக்குத் தடையாக நின்றது வயது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அவர்களின் மதிப்பெண் முறையில் 30-லிருந்தே வயதுக்கான மதிப்பெண் ஒவ்வொரு வருடமும் இறங்கிக்கொண்டே வந்து 45-ல் பூஜ்யமாகிவிடும். போயே தீருவது என்று முடிவெடுத்திருந்தால் பிரெஞ்சு படித்துக் கூடுதல் மதிப்பெண் வாங்கியாவது போயிருப்போம். அதனால் அது முழுக் காரணம் இல்லை.

முழுக் காரணம் அப்பா அம்மா.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்களோடுதான் இருக்கிறார்கள். எங்கே போவதென்று பார்த்தபோது எல்லோரையும் போல நாங்களும் முதலில் கேட்டது, “அப்பா அம்மாவை எத்தனை நாள் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கனடாதான் முதலிடம். பெற்றோருக்கென்றே இருக்கும் சூப்பர் விசா பத்து வருடம் வரை செல்லும். 2022 ஜூலையிலிருந்து ஒரே வருகையில் ஐந்து வருடம் தங்கலாம். பிள்ளைக்கு வருமானம் இருக்க வேண்டும், ஒரு லட்சம் கனேடிய டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், முடிந்தது. ஜெர்மனியிலும் 2024 மார்ச் 1 முதல் புதிதாக அனுமதி பெறும் திறன்பணியாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள வழி திறந்தார்கள். ஆனால் அந்த வயதில் அங்கே மருத்துவக் காப்பீடு கிடைப்பதுதான் பாடு. அது இல்லையென்றால் சுற்றுலா விசாவில் 180 நாளுக்கு 90 நாள். சிங்கப்பூர் இதில் கடைசி. மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி. எனக்கு அவ்வளவு இல்லை.

இந்தக் கணக்கை மாற்றியது இரண்டு சம்பவங்கள்.

2023-ல் அக்கா எல்லாக் காகிதங்களும் தயார்செய்து அப்பா அம்மாவுக்கு சூப்பர் விசா எடுத்தார். ஐந்து வருடம் தங்கலாம் என்ற முத்திரையோடு போனவர்கள் 74-ஆம் நாள் திரும்பிவிட்டார்கள். அக்கா பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் இல்லை. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகும் ஆட்களை எண்ணியிருக்கிறார். ஒரு நாள் மொத்தம் ஆறு பேர். இங்கே ஐந்தரை மணிக்கு ஏரிக்கரை நடை, வழியில் திருவள்ளுவர் சிலை, நாலு பேரோடு பேச்சு, சோமேஸ்வரர் கோயில் தெருவில் காய் வாங்கிக்கொண்டு வீடு என்று வாழ்ந்தவர். “விசா அஞ்சு வருஷம் குடுத்துட்டாங்க. அந்த அஞ்சு வருஷத்துக்கு நான் என்னடா பண்ணுவேன்?” என்று கேட்டார்.

அடுத்தது 2024 ஜனவரியில். நான் ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன். இங்கே விடியற்காலை ஐந்து மணி, அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிவு என்று மனைவி அழைத்தாள். நேரடி விமானத்தில் இடம் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ரயில், நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறி, தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் டாக்ஸி. மருத்துவமனையில் நான் கால் வைத்தபோது 31 மணி நேரம் ஆகியிருந்தது. ஆபரேஷனே முடிந்திருந்தது. சம்மதப் படிவத்தில் என் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 31 மணி நேரத்தில் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

சிங்கப்பூரில் இருந்தபோது, 2017-ல், அத்தை இறந்துபோனார். எனக்குப் போன் வந்தது அங்கே காலை ஆறு மணிக்கு, இங்கே மூன்றரை. சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, “எடுக்கிறதுக்குள்ள வந்துடுவியாப்பா?” என்பதுதான். வந்துவிடுவேன் என்று தயங்காமல் சொன்னேன். சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்கு விமானம் நாலரை மணி நேரம், நேர வித்தியாசமும் நமக்குச் சாதகமாக இரண்டரை மணி நேரம். மதியம் இரண்டு மணிக்கு வாசலில் நின்றேன். நாலு மணிக்கு கல்பள்ளி மயானத்துக்கு எடுத்தோம். நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகளோடு நானும் நடந்து போனேன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் தவறியபோது வெளிநாட்டிலிருந்து மகன் வருவதற்காக இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறி மாறிக் காபி குடித்தார்கள். பெட்டியின் மோட்டார் சத்தம் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பையன் முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் வந்து கண்ணாடி மேல் கை வைத்து நின்றான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. விமானங்கள் அப்படித்தான் கிடைத்தன.

அதனால்தான் சொல்கிறேன். நம் வயதில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது பெற்றோர் அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பதை அல்ல. நாம் எத்தனை மணி நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கலாம் என்பதைத்தான். பெரும்பாலான பெற்றோர் அங்கே வந்து தங்க ஆசைப்படுவதே இல்லை. நாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறார்கள். டொரொண்டோ என்றால் வாசலுக்கு வாசல் கிட்டத்தட்ட ஒரு முழு நாள், நடுவில் ஒரு மாற்றம் நிச்சயம். ஜெர்மனி என்றால் எல்லாம் கூடிவந்தாலும் 18 மணி நேரம். சிங்கப்பூர் எட்டு மணி நேரம். டிக்கெட் விலையும் பெரிய விஷயம். கனடாவிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவில் சிங்கப்பூரிலிருந்து நாலு முறை வரலாம். என் மனைவிக்குத் துறையூர். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமே இருக்கிறது. அவள் பங்கு கணக்கும் அதிலேயே நேராகிவிட்டது.

தாத்தா குடியாத்தத்திலிருந்து பின்னி மில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். பம்பாய் மில்லிலும் அவருக்கு வேலை இருந்ததாம், கூலியும் அங்கே அதிகமாம். “ரயில் ஏறினா பொழுது விடியறதுக்குள்ள ஊர்ல இறங்கணும்” என்று சொல்லிப் பெங்களூரைத் தேர்ந்தெடுத்ததாக அப்பா சொல்வார். எங்கள் குடும்பத்தில் இந்தக் கணக்கு புதியதல்ல.

சரி, சிங்கப்பூரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, பெரிய குறை. வேலை அனுமதி கம்பெனியோடு கட்டியது. வேலை போனால் பொதுவாக 30 நாள்தான், அதற்குள் வேறு வேலை தேடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரவாசம் யாருக்குக் கிடைக்கும், யாருக்கு மறுப்பார்கள் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. கனடா மாதிரி மதிப்பெண்ணை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு முதல் முறையே கிடைத்தது, இன்னொருவருக்கு மூன்று முறையும் மறுப்பு. ஆண் பிள்ளை இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் பையன்கள் 18 வயதானதும் இரண்டு வருடம் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டும். உயிர் இருக்கும்வரை நிம்மதியாக ஒரே நாட்டில் வேர்விட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் கனடாவைத்தான் சொல்வேன். அப்பா அம்மாவுக்கு ஐம்பதுகளில்தான் வயது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் ஜெர்மனிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போங்கள்.

மகள் விஷயம் ஒன்று பாக்கி. அவளுக்கு எட்டு வயது. இங்கே பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம், அதில் அவள் கெட்டி. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறாள். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ரயில் அறிவிப்பிலும் தமிழ், அறிவிப்புப் பலகையிலும் தமிழ். இங்கே அல்சூரில் வள்ளுவர் சிலையைத் திறக்கவே 18 வருடம் காத்திருந்து 2009-ல் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் ரயில் நிலையத்தில் நம் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் உறுதியில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தேறினாலும் காலியிடம் இருந்தால்தான். கிடைக்காவிட்டால் தனியார் சர்வதேசப் பள்ளி, அதன் கட்டணம் எங்கள் பட்ஜெட்டையே புரட்டிப் போடும். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் துணிந்துதான் இறங்குகிறோம்.

இந்த வீட்டை வாடகைக்கு விடவில்லை. அப்பா அம்மா கீழே இருப்பார்கள், மாடி அறை எங்களுக்காக அப்படியே இருக்கும். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று, வழுக்காத டைல்ஸும் மாற்றியாயிற்று. பகல் நேரத்துக்கு ஓர் அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறோம்.

கடிதம் வந்த அன்று அம்மா கேட்டார்: “வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடலாமா?”

பதினோரு மணி ஆகிவிடும் என்றேன்.

“பரவாயில்ல, தோசை மாவு எடுத்து வச்சிருக்கேன்” என்றார்.