டைபாய்டு பரிசோதனைகள்: விடால், டைபிடாட், பிளட் கல்ச்சர் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

காய்ச்சல் நான்காம் நாளைத் தாண்டினால் லேப்களில் வழக்கமாக எடுப்பது ஃபீவர் பேக்கேஜ். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மலேரியா, டெங்கு, சிறுநீர், கூடவே ஒரு விடால். டைபாய்டைப் பார்க்க அதில் இருப்பது விடால் மட்டும்தான். ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரை யாராவது கேட்டால்தான் எடுப்பார்கள், விலையும் பல மடங்கு. இருந்தாலும் டைபாய்டுக்காக ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், அது கல்ச்சருக்குப் போகவேண்டும். விடாலுக்குக் கொடுப்பது பல நேரங்களில் காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

விடால் 1896-இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் விவரித்த முறை. டைபாய்டுக்குக் காரணமான சால்மொனெல்லா டைஃபி கிருமிகளைக் கொன்று, அவற்றோடு நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) கலந்தால், சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கும்பட்சத்தில் கிருமிகள் திரிதிரியாகக் கட்டும். கிட்டில் ஆன்டிஜன் எனப்படும் அந்தக் கொன்ற கிருமிக் கரைசல் நான்கு குப்பிகளில் இருக்கும். ஓ, எச் இரண்டும் டைஃபிக்கு. ஏஎச், பிஎச் இரண்டும் டைபாய்டு போன்ற காய்ச்சலைத் தரும் உறவுக் கிருமிகளான பாராடைஃபி ஏ, பி வகைகளுக்கு. ஸ்லைடு முறையில் வட்டங்களில் 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் சீரம் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஆன்டிஜன் சேர்த்து, ஒரு நிமிடம் சுழற்றிப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் வரும் 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 ஆகியவை அந்த அளவுகளுக்கு நேரான டைட்டர்கள், அதாவது சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் கிருமி திரள்கிறது என்ற கணக்கு.

அந்த ஒரு நிமிடத்தில்தான் பாதித் தவறு நடக்கிறது. ஸ்லைடை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் சொட்டின் ஓரம் காய்ந்து மணல் மணலாகத் தெரியும். அதைப் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். குப்பியைக் குலுக்காமல் எடுத்தால் கிருமி அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணீர்தான் வரும். ஆன்டிஜன் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையக்கூடாது. ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோன குப்பி தானாகவே திரளும். பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல்களை (முடிவு முன்பே தெரிந்த மாதிரிகளை) கூடவே ஓட்டினால் இவையெல்லாம் அன்றே வெளிச்சமாகிவிடும். வேலை மும்முரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். ஸ்லைடில் பாசிட்டிவ் வந்தால் ட்யூப் முறையில் உறுதிசெய்வதே முறை: சீரத்தைப் படிப்படியாக நீர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்துக் காலையில் படிப்பது. எந்த முறையில் செய்தார்கள் என்பதே பல ரிப்போர்ட்டுகளில் இருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேப் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாலும் பரிசோதனையின் அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். ஓ எதிர்ப்பொருள் முதல் வாரக் கடைசியில்தான் தலைகாட்டும், எச் அதற்கும் பிறகு. ஆகவே மூன்றாம் நாள் விடால் நெகட்டிவ் என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. டைபாய்டு புழங்கும் ஊர்களில் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர் ரத்தத்திலேயே 1:40, 1:80 வரை இருக்கும். எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சம் அது. அப்படி ஒருவருக்கு மலேரியாவோ டெங்குவோ வந்தால் பழைய எச் டைட்டர் சும்மாவே ஏறும். விடாலை உண்மையாகப் பயன்படுத்த ஒரே வழி, 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. முதலில் 1:40, பிறகு 1:160 என்பதுபோல. அதற்குள் மருந்தே முடிந்திருக்கும் என்பதால் இரண்டாம் முறை பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. ஒற்றை விடால், அதுவும் ஸ்லைடில்: ஐந்துக்கு ஒரு மதிப்பெண். கல்ச்சர் வசதியே இல்லாத இடத்தில், இரண்டாம் வாரத்தில், ட்யூப் முறையில் செய்தால் இரண்டு தரலாம்.

இதில் கவலைப்பட வேண்டியது தவறான பாசிட்டிவ்தான். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் ஸ்க்ரப் டைபஸ் அதிகம். வேலூர் வட்டாரத்து மருத்துவர்களுக்கு இது நன்கு பழகிய நோய். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணிப்புழு கடித்து வருவது. இதிலும் ஒரு வாரத்துக்கும் மேலாகக் காய்ச்சல், தலைவலி, கல்லீரல் என்சைம் ஏற்றம் எல்லாம் டைபாய்டைப் போலவே இருக்கும். விடால் 1:160 என்று வந்துவிட்டால் செஃப்ட்ரையாக்சோன் ஊசி தொடங்கிவிடுவார்கள். அது ஸ்க்ரப் டைபஸுக்கு வேலை செய்யாது. அதற்கு வேண்டியது டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கும் கட்டத்துக்கு அந்த நாலைந்து நாள் போதும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. விடால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவுடன் அந்தத் தேடலை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

அடுத்தது கார்டு டெஸ்ட். மலேசியாவில் உருவான டைபிடாட், டைஃபி கிருமியின் வெளிச்சவ்விலுள்ள 50 கிலோடால்டன் புரதத்துக்கு எதிரான ஐஜிஎம், ஐஜிஜி என்ற இருவகை எதிர்ப்பொருள்களையும் பார்க்கிறது. கோடு விழுந்ததா இல்லையா என்பதால் படிப்பது சுலபம், முடிவும் சீக்கிரம். டைபாய்டு விரைவுப் பரிசோதனைகளைப் பற்றிய 2017 காக்ரேன் ஆய்வுத்தொகுப்பில் டைபிடாட் வகைகளுக்கு வந்த சராசரி: நோய் உள்ளவர்களில் 84 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 79 சதவீதம் பேரைச் சரியாக விலக்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். காய்ச்சலோடு வந்த நூறு பேரில் ஐந்து பேருக்கு டைபாய்டு என்று வைத்துக்கொள்வோம். கார்டு அதில் நாலு பேரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் இருபது பேருக்கும் கோடு விழும். ஆக, பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வாங்கிய 24 பேரில் உண்மையான நோயாளிகள் நால்வர்தான். மேலும், இந்தியாவில் குடற்காய்ச்சலுக்குக் காரணமான இன்னொரு கிருமி பாராடைஃபி ஏ. டைபிடாட் அதற்காகச் செய்ததல்ல. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். நெகட்டிவ் வந்தால் ஓரளவு உதவும். பாசிட்டிவை வைத்து மட்டும் ஊசி போட ஆரம்பிக்கக் கூடாது.

பிளட் கல்ச்சர் கிருமியையே வளர்த்துக் காட்டுகிறது. அதனால்தான் இதற்கு நான்கு மதிப்பெண். ஐந்தாவதைக் கொடுக்க முடியாததற்குக் காரணமும் உண்டு: நல்ல கையில் எடுத்தாலும் டைபாய்டு நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் பேரிடம்தான் கிருமி வளரும். எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் 80 முதல் 90 சதவீதம் வரை போகும். ஆனால் அந்த வலியான வேலை, நாள்பட்டும் காரணம் பிடிபடாத காய்ச்சலுக்கு மட்டும்.

டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் இருப்பது சராசரியாக ஒரு கிருமி அளவுதான். இதை மனதில் வைத்தால் ரத்த அளவு ஏன் முக்கியம் என்று புரியும். பெரியவர்களுக்கான பாட்டிலில் 8 முதல் 10 மில்லி போகவேண்டும். குழந்தைகளுக்கென்று தனி பாட்டில் இருக்கிறது, அதில் 1 முதல் 3 மில்லி. பெரியவருக்கு 3 மில்லி எடுத்து அனுப்பினால் வாய்ப்பில் ஒரு பகுதியைக் கைகழுவிவிட்டதாகத்தான் அர்த்தம். ஊசி குத்துமிடத்தை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் 30 விநாடி தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். துடைத்த பிறகு விரலால் நரம்பைத் தடவிப் பார்க்கக்கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மற்ற குழாய்களுக்கு முன்பு கல்ச்சர் பாட்டிலைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். இவை தவறினால் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்து ரிப்போர்ட்டைக் குழப்பும்.

கலெக்‌ஷன் சென்டர்களில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாட்டில் எப்போது கிருமி வளர்ச்சியைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குப் போகும், அதுவரை எங்கே இருக்கும்? மற்ற சாம்பிள்களோடு ஐஸ் பெட்டியில் போட்டுவிடுவது பழக்கமாக இருக்கிறது. கல்ச்சர் பாட்டிலைக் குளிரவைக்கக் கூடாது, அறை வெப்பத்தில்தான் இருக்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பாக்டெக், பேக்டி அலர்ட் போன்ற மெஷினில் ஏறினால் நல்லது. காலையில் எடுத்து இரவு வண்டியில் வெளியூருக்கு அனுப்பும் சென்டரைவிட, மெஷின் உள்ள மருத்துவமனை லேபுக்கு நேரில் போய்க் கொடுப்பது மேல்.

காய்ச்சலின் முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுப்பதுதான் உத்தமம். மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட இரண்டு மாத்திரைகூட வளர்ச்சியைத் தடுக்கும். போட்டிருந்தால் எதைப் போட்டோம், எத்தனை நாள் என்று லேபிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மெஷின் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சத்தம் கொடுத்துவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதற்கு மேலும் ஒன்றிரண்டு நாள். வளரவில்லை என்ற இறுதி முடிவுக்கு ஐந்து நாள். ‘கிராம் நெகட்டிவ் பேசில்லை’ (டைஃபியும் சேர்ந்த கோல்வடிவக் கிருமி வகை) தெரிந்ததும் ஃபோனில் சொல்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நல்ல லேப்கள் சொல்லும்.

கல்ச்சருக்குக் கொடுத்த காசின் முழுப் பலன் மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான டைஃபிக் கிருமிகள் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு முழுமையாகக் கேட்பதில்லை. செஃப்ட்ரையாக்சோனும் அசித்ரோமைசினும் இங்கே பெரும்பாலும் வேலை செய்கின்றன. ஒரு காலத்தில் கைவிட்ட குளோராம்ஃபெனிகாலுக்கும் கோ-ட்ரைமாக்சசோலுக்கும் பல கிருமிகள் மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் தொடங்கிப் பரவிய வகை செஃப்ட்ரையாக்சோனுக்கும் அடங்காதது. அப்படி ஒன்று இங்கே வந்தால் கல்ச்சர்தான் காட்டிக்கொடுக்கும், விடால் அல்ல. லேபின் தரத்தை எடைபோடவும் இந்தப் பட்டியல் உதவும்: சால்மொனெல்லாவுக்கு ஜென்டாமைசின், அமிகாசின், செஃபுராக்சிம் எதிரே ‘சென்சிடிவ்’ (மருந்துக்குக் கேட்கும்) என்று எழுதித் தந்தால் அந்த லேப் விதிகளைப் படிக்கவில்லை. தட்டில் கிருமியைக் கொல்வதுபோல் தெரிந்தாலும் நோயாளியிடம் அவை பலிக்காது என்பதால் அப்படி எழுதக்கூடாது என்பதே விதி.

பேக்கேஜில் வரும் சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு வாரக் காய்ச்சலில் வெள்ளணு ஏறாமல் இருப்பதும் அதில் ஒரு வகையான இயோசினோஃபில் பூஜ்யத்துக்கு இறங்கியிருப்பதும் டைபாய்டை நினைக்கவைக்கும் சிறு தடயங்கள். உறுதி செய்யாது, ஆனால் கல்ச்சர் எடுக்கலாமா என்ற யோசனைக்கு நல்ல துணை.

சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க நாலு முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாளும் 102 அடிக்கிறதே என்று மருந்தை மாற்றச் சொல்லவோ மறுபடி விடால் எடுக்கவோ வேண்டாம். வயிறு கல்லாக இறுகுவது, கடும் வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் அந்த நிமிடமே மருத்துவமனை. மூன்றாம் வாரத்தையொட்டிக் குடலில் ஓட்டை விழக்கூடிய நோய் இது.

குணமான பிறகு ‘டைபாய்டு போய்விட்டதா’ என்று பார்க்க எடுக்கும் விடால் முழு வீண். டைட்டர் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து இன்னொரு சுற்று ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உணவகத்தில் சமைப்பவர், பரிமாறுபவர் ஆகியோரிடம் கிருமி தங்கியிருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் அதற்கு மலக் கல்ச்சர் இருக்கிறது. பித்தப்பையில் ஒளிந்திருக்கும் கிருமி விட்டுவிட்டு வெளியே வருவதால் ஒரு முறை நெகட்டிவ் போதாது. ஆன்டிபயாடிக் முடிந்து சில நாள் கழித்து, இடைவெளி விட்டுத் தொடர்ந்து மூன்று முறை கொடுக்கவேண்டும்.