ஆல்ப்ஸ் மலைக்குடிலுக்குக் கோவையில் போட்ட திட்டம்: ஒரு பயண நிறுவனத்தின் சேவை குறித்து

சுவிட்சர்லாந்தில் உள்ள ப்ளூம்லிசால்ப் மலைக்குடிலுக்கு நடந்து சென்று ஓரிரவு தங்கி இறங்குவதற்கு, கோவையில் ஐரோப்பியப் பயணங்களை ஏற்பாடு செய்துதரும் ஒரு நிறுவனத்தை நாடினோம். நாங்கள் நால்வர், அனைவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஆண்டுதோறும் மாசியிலோ பங்குனியிலோ ஏழு மலைகள் கொண்ட வெள்ளியங்கிரி ஏறும் பழக்கமுள்ளவர்கள். விசா, காப்பீடு, ரயில் சீட்டு, குடில் முன்பதிவு, நடைத்திட்டம் ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சேவைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டார்கள். அவற்றுள் சில வேலைகள் மிக நன்றாகவும், ஒன்று அபாயகரமான கவனக்குறைவுடனும் நடந்தன. பெரிய தவறு ஒரு மேசையில்தான் நிகழ்ந்தது, மற்ற மேசைகள் பெரும்பாலும் ஒழுங்காக வேலை பார்த்தன என்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

மலைக்குடில் என்றதும் நம்மவர்கள் பலர் ஊட்டிப் பக்கத்து ரிசார்ட்டை நினைத்துக்கொள்கிறார்கள். சுவிஸ் ஆல்ப்ஸ் கழகம் 1863ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் குடில்கள் இன்று நூற்றைம்பதுக்கும் மேல் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் சாலை கிடையாது. சாமான்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. ஒரே அறையில் வரிசையாக மெத்தை விரித்த பொதுப் படுக்கை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாடு, இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு என்பதே பொதுவான நடைமுறை. குளியலை மறந்துவிட வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்த குடில் 2,800 மீட்டருக்கு மேல், ஹோட்யூர்லி கணவாய்க்குச் சற்று உயரே நிற்கிறது. நமது தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைவில் கொண்டால், கோவைக்காரனுக்கு அந்த உயரம் என்ன செய்யும் என்பது ஓரளவு விளங்கும்.

விசா வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயிலுக்குப் பாதிக் கட்டணச் சலுகை அட்டை எங்களுக்கு இலாபமா என்று கணக்குப் போட்டே வாங்கித் தந்தார்கள். குடிலை ஜனவரி மாதமே பதிவு செய்ததும், சனிக்கிழமை கூட்டம் நெரியும் என்று செவ்வாய் இரவைத் தேர்ந்தெடுத்ததும் விவரம் அறிந்தவர் செய்த வேலை. நால்வரும் சைவம் என்பதையும் அப்போதே குடிலுக்குத் தெரிவித்துவிட்டார்கள். ஒரே சமையல் நடக்கும் இடத்தில் போய் நின்று சொன்னால் எதுவும் மாறாது.

நடைத்திட்டத்துக்கு வருகிறேன். வழவழப்பான அட்டை போட்டு, சுருள்கம்பி கோத்த ஏடாக அதைக் கையில் தந்தார்கள். அட்டையில் பனிமலைப் படம், நான்காம் பக்கத்தில், "ஓஷினென் ஏரியிலிருந்து குடில் வரை: 7 கி.மீ., 2½ மணி நேரம்" என்ற ஒற்றை வரி. அதன்படி, காலையில் சூரிச்சில் ரயிலேறி, பெர்னில் மாறி, அடிவார ஊரான காண்டர்ஸ்டெக்கில் மதிய உணவு முடித்து, கம்பிவட ஊர்தியில் மேலே போய், இரண்டு மணிக்கு ஏரிக்கரையிலிருந்து புறப்பட வேண்டும். நாலரை மணிக்குக் குடிலில் தேநீர். ஏரியின் உயரம் 1,578 மீட்டர். அங்கிருந்து குடிலுக்கு ஏறக்குறைய 1,250 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்பது அந்த ஏட்டில் எங்குமே இல்லை.

இதைக் கேட்டதற்கு அந்த மேசையில் இருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, "வெள்ளிங்கிரி ஏறுனவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றார். வெள்ளியங்கிரி ஏறியவர்கள் என்பதால்தான் எங்களுக்கு ஐயமே வந்தது. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு புறப்படும் எவரும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. வழியில் எதிர்ப்படுபவரிடம் கேட்கிற கேள்வி, "இது எத்தனாவது மலைங்க?" என்பதுதான். வழுக்குப் பாறையில் நூறடி ஏறும் நேரமும் சமதரையில் நூறடி நடக்கும் நேரமும் ஒன்றல்ல என்பது அங்கே கால்களுக்குத் தெரிந்த கணக்கு. சுவிட்சர்லாந்திலும் அதே கணக்குத்தான். அந்நாட்டு மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, இன்ன இடத்துக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்றே சொல்கின்றன. அதிலும் இளைப்பாறும் நேரம் சேராது.

நடைநேரத்தைக் கணிக்க ஜெர்மானியர்கள் வகுத்த எளிய முறை ஒன்று உண்டு. ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், தூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் எனத் தனித்தனியே வகுத்துக்கொண்டு, வரும் இரண்டு விடைகளில் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். எங்கள் வழிக்கு ஏற்றம் நாலே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. தூரம் ஒன்றே முக்கால் மணி, அதில் பாதி ஐம்பது நிமிடத்தை ஒட்டி வரும். ஆக ஐந்து மணி நேரம். நிறுவனத்தின் திட்டப்படி போயிருந்தால், கோடைப் பிற்பகலில் இடிமழை திரளக்கூடிய வேளையில் மரமற்ற சரிவில் நின்றிருப்போம். ஆறரை மணிச் சாப்பாடும் எங்களுக்கு இல்லாமல் முடிந்திருக்கும். ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, முதல்நாள் இரவைக் காண்டர்ஸ்டெக்கில் தங்கும்படி மாற்றித் தந்தார்கள். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தவறுதான் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும்.

இரண்டாவது குறை, குடிலிலிருந்து வந்த பதிவு உறுதி மின்னஞ்சலைத் தங்களிடமே வைத்துக்கொண்டது. மும்முறை கேட்ட பிறகு, புறப்பட இருபது நாள் இருக்கும்போதுதான் அனுப்பினார்கள். முக்கியமான செய்திகள் யாவும் அதில்தான் இருந்தன: போர்வை குடிலில் உண்டு, ஆனால் உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய துணி உறையை அவரவர் கொண்டுவர வேண்டும், கையில் ரொக்கம் வைத்திருப்பது நல்லது, வர இயலாவிட்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்தவர் இருட்டியும் வராவிட்டால், வழியில் ஏதும் நேர்ந்துவிட்டதோ என்று குடில்காரர் கவலைப்பட நேரும் என்பதால், கடைசி விதியை அவர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. துணி உறைக்காக நாங்கள் அலையவில்லை. எங்களில் ஒருவர் திருப்பூரில் கட்டிங் யூனிட் வைத்திருப்பவர்; நாற்பதாம் நம்பர் நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சித் துணியில், தலையணைக்கும் சேர்த்து ஒரு மடிப்பு வைத்து, ஓவர்லாக் அடித்து, நான்கு உறைகளை ஒரே மாலையில் தைத்து முடித்துவிட்டார். ஒன்றின் எடை அரைக் கிலோவுக்குள் இருந்தது. பட்டு உறை வாங்கியிருந்தால் அதில் பாதிகூட இராது, ஆனால் திருப்பூர்க்காரரிடம் அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் துணிவில்லை.

காப்பீட்டில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ வரம்பைப் பூர்த்தி செய்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், மலையேற்றத்தின்போது நேரும் விபத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. விசா அதிகாரிக்குப் போதுமான அந்தத் தாள், கணவாயில் கால் பிசகியவனுக்கு உதவியிருக்காது. ஹெலிகாப்டர் மீட்புச் செலவு சிறியதல்ல. மலைநடையையும் மீட்பையும் உள்ளடக்கிய வேறொரு காப்பீட்டை நாங்களே தேடி எடுத்தோம். சுவிஸ் வான்மீட்புச் சேவையான ரேகாவின் அவசர எண் 1414 என்பதையும் நாங்களாகத்தான் கைப்பேசியில் பதிந்துகொண்டோம்.

நடந்த நாளன்று காலை எட்டரைக்கு ஏரியை விட்டுப் புறப்பட்டோம். ஏரிக்கு மேலே ஓபர்பெர்க்லி என்ற மேய்ச்சல் நிலம் வரை, பசுக்களின் கழுத்துமணி ஓசையோடு போகும் வழி தாராபுரத்துக்காரருக்கும் பழகியதுபோல் இருக்கும். அதன் பிறகு பனியாறு தள்ளிக் குவித்த கற்கரையின் முதுகில் ஏறுகிறோம்; வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு தீட்டிய பாறைகளைத் தவிர வேறு துணையில்லை. கணவாய்க்குக் கீழே கடைசி முந்நூறு மீட்டர் ஏற்றம், சறுக்கும் பொடிக்கல்லில், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வைத்தது. குடில் வாசலில் கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடம் காட்டியது. இளைப்பாறியதையும் சேர்த்து ஐந்து மணி நாற்பது நிமிடம். பூட்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, அங்கே கிடந்த பொதுச் செருப்பில் காலை நுழைத்தபோது, பூண்டியில் தடியைச் சாய்த்து வைக்கும் நிம்மதிதான் வந்தது. நால்வரில் ஒருவருக்கு மாலைவரை தலைவலி இருந்தது. முதல்நாள் இரவு 1,176 மீட்டர் உயரத்தில் உள்ள காண்டர்ஸ்டெக்கில் தூங்கியிராவிட்டால் எல்லோருக்குமே வந்திருக்கலாம். இரவுச் சாப்பாட்டில் எங்களுக்கெனத் தனியே காய்கறி வைத்திருந்தார்கள். ஜனவரியில் சொன்ன சொல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். விசாவுக்கும் ரயிலுக்கும் மறுபடியும் அவர்களிடமே போவேன். குடிலை நேரடியாக இணையத்தில் பதிவு செய்வது கடினமன்று. உறுதி மின்னஞ்சல் உங்கள் கைக்கே வரும். நடைத்திட்டத்துக்கு அவர்களிடம் பணம் கொடுக்க மாட்டேன். சென்ற மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு குடும்பத்தார், தங்களுக்குத் தந்த திட்ட ஏட்டைப் படமெடுத்து அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். அட்டைப் படம் புதியது. நான்காம் பக்கத்தில் இன்னும் 7 கி.மீ., 2½ மணி நேரம் என்றே இருக்கிறது.