மாத்தாத ஏசி பில்ரருக்கு 14,300 ரூபா: வன்னியில கார் வைச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ

14,300 ரூபா. மாத்தவே மாத்தாத ஒரு ஏசி பில்ரருக்கு. பில் மேசையில கிடக்கு, பாக்கப் பாக்க வயிறு எரியுது. சூடு ஆறமுதல் எழுதிவிடுறன்.

பேர் வேண்டாம். ஏ9 கரையில, கண்ணாடி அடைச்ச காத்திருப்பு அறை, குந்தின உடன பிளேன்ரீ தாற வகைச் சேர்விஸ் ஸ்டேசன். ரொயோற்றா அக்குவா, ஒயில் மாத்தத்தான் விட்டது. அரை மணித்தியாலத்தில ஒரு பெடியன் கறுத்துப்போன பில்ரர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வாறான். மடிப்புக்குள்ள வேப்பஞ்சருகு, எலிப்புழுக்கை, கிரவல் புழுதி. "அண்ணை, இதுக்குள்ளால வாற காத்தைத்தான் பிள்ளையள் சுவாசிக்குதுகள்." அவ்வளவுதான். எவன் மறுத்துச் சொல்லுவான்? சரி எண்டு தலையாட்டியாச்சு. வாயால சொன்ன கணக்கு: மணத்தையும் பிடிக்கிற கரி சேர்த்த காபன் பில்ரர் 6,800, ஏசி கிளீனிங் 5,500, கிருமிநீக்கம் 2,000. கூட்டினால் 14,300. ஒயில் காசு வேற.

அவன் காட்டின பில்ரர் நீட்டுச்சாடை. அக்குவாவுக்குப் போறது கிட்டத்தட்டச் சதுரம். வேற ஆற்றையோ காரில கழட்டின அழுக்கை வைச்சுக்கொண்டு வாற எல்லாருக்கும் காட்டுறாங்கள் போல. அந்த நேரம் அது மண்டையில ஏறேல்லை, பிள்ளையள் எண்ட சொல்லோட மூளை நிண்டுபோச்சு.

மூண்டாம் நாள், ஏசி பில்ரரை மறைச்சுக்கொண்டு இருக்கிற டாஷ்போர்ட் பெட்டி தானாக் கழண்டு தொங்கிச்சுது. காத்தும் முந்தின மாதிரித்தான், விசிறியை நாலில வைச்சாலும் இரைச்சல் மட்டும். கழட்டிப் பாத்தால் உள்ளுக்குப் பழைய பில்ரர்! போன முறை மாத்தேக்க விளிம்பில மார்க்கர் பேனையால எழுதின 61,200 கிலோமீற்றர் அப்படியே கிடக்கு. காத்தடிச்சுப் புழுதியைப் பறக்கவிட்டிட்டுத் திருப்பிச் செருகியிருக்கிறாங்கள். அதுவும் தலைகீழா, ஒரு மூலை மடங்கினபடி.

காத்தடிச்சால் என்ன பிழை எண்டு கேக்கிறவைக்கு: இந்தப் பில்ரர் வெறும் கடதாசி இல்லை, நுண்ணிய நார். கம்பிரெசர் காத்து மேல் புழுதியைத்தான் எடுக்கும். மிச்சத்தை உள்ளுக்கு இறுக்கும், நாரையும் கிழிக்கும். வெள்ளையாத் தெரியும், வேலை செய்யாது. மூலை மடங்கினால் அதைவிட மோசம். புழுதி பில்ரரைச் சுத்திக்கொண்டு போய் காத்தைக் குளிராக்கிற ஈரமான ஏசி கொயிலில ஒட்டிச் சேறாகும். அந்தப் புளிச்ச மணம் அதிலயிருந்துதான் வாறது. சேறு வழிஞ்சு தண்ணி போற குழாயை அடைச்சால் இடப்பக்கக் கால்விரிப்பு நனையும். கொயிலைக் கழட்டிக் கழுவ டாஷ்போர்ட்டையே இறக்கவேண்டி வரலாம். பில்ரர் சும்மா அடைபட்டால் காத்துக் குறையும். மாரியில முன்கண்ணாடியில படியிற பனிப்புகார் விலகாது. விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, அந்தக் காத்தாலயே குளிருற புளோவர் ரெசிஸ்ரரும் சூடேறி எரியலாம்.

இவ்வளவுக்கும் மாத்திற வேலை ஐஞ்சு நிமிசம், ஒரு ஸ்பானரும் தேவையில்லை. இடப்பக்கச் சீற்றுக்கு முன்னால இருக்கிற பெட்டியைத் திறந்து வெறுமையாக்குங்கோ. ஒரு பக்கத்தில, பெட்டி தடாரெண்டு விழாமல் பிடிக்கிற மெல்லிய டாம்பர் தண்டு கொழுவியிருக்கும், அதை மெதுவாக் கழட்டுங்கோ. இழுத்தால் முனை உடையும். பெட்டியின்ர ரெண்டு பக்கச் சுவரையும் உள்ளுக்கு அமத்தினால் கீழ வரும். பின்னால நீள மூடி, ரெண்டு கிளிப். திறந்து பில்ரரை நேர இழுங்கோ, சாய்ச்சால் குப்பை கீழ புளோவருக்குள்ள விழும். புதுசில 'அப்' எண்டு அம்புக்குறி இருக்கும், அது மேல பாக்கவேணும். நாலு விளிம்பும் மடங்காமல் போகவேணும்.

ரொயோற்றா ஏசி பில்ரரின்ர இலக்கம் 87139 எண்டு தொடங்கும். 17801 எண்டால் அது எஞ்சின் எயார் பில்ரர். ரெண்டையும் குழப்பிப் பில் போடுறதும் நடக்குது. 'காபன்' எண்டு சாம்பல் நிறக் கடதாசி விக்கிறதும் உண்டு, நிறத்தை நம்பாதேங்கோ. அக்குவாவில பின் சீற்றுக்கு அடியில பற்றரிக்குக் காத்து எடுக்கிற வாய் வேற, அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை.

பில்ரர் செய்யிற ஜப்பான் கம்பனி டென்சோ சொல்லுறது வருசத்துக்கு ஒருக்கா அல்லது 10,000 கிலோமீற்றர். சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில கிரவல் வீதியில ஓடுற எங்களுக்கு 5,000இல ஒருக்காத் திறந்து பாக்கிறது புத்தி. மணல் டிப்பருக்குப் பின்னால போகேக்க வெளிக்காத்தை எடுக்காமல் உள்காத்தையே சுத்தவிடுற பொத்தானை அமத்துங்கோ. வேம்புக்குக் கீழ நிப்பாட்டினால் வைப்பருக்கு அடியில சருகை அள்ளுங்கோ, எலி கூடு கட்டுறது அதிலதான்.

இனி அவங்கட பதிலுகள். முதல் போன்: "பெடியன் இண்டைக்கு லீவு அண்ணை, நாளைக்கு எடுங்கோ." நாளைக்கு: "மனேஜர் வவுனியா போட்டார்." நேர போனால் மனேஜர், "நீங்கள் கழட்டிட்டியள், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை" எண்டார். கழட்டாமல் எப்பிடித் தெரியும்? புதுசின்ர பெட்டி எங்க எண்டால், பெட்டி இல்லாமல்தானாம் வாறது. அப்ப கழட்டின பழசு? குப்பை வண்டி கொண்டுபோட்டுதாம். பழசு காருக்குள்ள இருக்கு, குப்பை வண்டியில எது போனது? 61,200 எண்டு எழுதினதைக் காட்டினன். "அது ஆரும் எழுதலாம்." 14,300 ரூபா வாங்கின வாய் சொல்லுது. ஐஞ்சாம் நாளிலயிருந்து வற்சப்பில நீலக்கோடு ரெண்டு, பதில் இல்லை. பில்லிலயும் 'ஏசி சேர்விஸ்' எண்டு ஒரு வரிதான், இலக்கம் ஒண்டும் இல்லை.

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுத நினைச்சது, பொறுமை இல்லை. பழசில அடையாளம் போட்டு வையுங்கோ. கண்ணாடி அறைக்குள்ள இருக்காமல் காருக்குப் பக்கத்தில நில்லுங்கோ. புதுசின்ர பெட்டியையும் பழசையும் கையில வாங்குங்கோ. பில்லில உதிரிப்பாக இலக்கம் எழுதாட்டில் காசு குடுக்காதேங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போன் இலக்கம் 1977. எழுத்தில குடுக்கிற முறைப்பாடு மூண்டு மாதத்துக்குள்ள போகவேணும், நான் நாளைக்குப் போடுறன்.

டாம்பர் முனையையும் உடைச்சுத்தான் விட்டிருக்கிறாங்கள். பெட்டி இப்பவும் தொங்குது, அதுக்கு இனி வேற காசு.